நர்சம்மா ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

உடம்பு சரியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். "காய்ச்சல்" என்கிறோம். உடனே மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆனால், நடப்பது என்ன?

"பேர் என்ன? வயசு என்ன? எந்த ஊர்? என்ன வேலை பார்க்கிறீர்கள்? எத்தனை நாளாகக் காய்ச்சல்? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் வருகின்றன. எடை பார்க்கிறார்கள். கையில் பட்டையைச் சுற்றி ரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார்கள்.

"காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால், சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி பூர்வீகத்தை அல்லவா விசாரிக்கிறார்கள்!" என்று அலுத்துக் கொள்கிறவர்கள் உண்டு.

அந்த நோட்டு எதற்கு? அதில் எழுதுவதால் யாருக்கு லாபம்? எழுதாவிட்டால் என்ன நஷ்டம்?

நஷ்டம் சாதாரண நஷ்டம் அல்ல. சிவகாசிப் பக்கத்து மக்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதைச் சொல்லுமுன், ஒரு கடைக்குப் போய் வருவோம்.

வியாபாரியின் பேரேடு

விருதுநகர் வியாபாரி கணக்கில் கெட்டிக்காரர். விருதுநகர் மார்க்கெட் விலையைப் பார்த்துத்தான் பல ஊர்களில் பருப்புக்கும், வத்தலுக்கும், எண்ணெய்க்கும் விலை பேசுவார்கள்.

அந்த வியாபாரி கல்லாவை எண்ணாமல், வரவு செலவு எழுதாமல் கடையைச் சாத்துவாரா? சாத்த மாட்டார். எழுதி முடித்த பிறகு என்ன செய்வார்? திருப்பிப் பார்ப்பார். யார் பாக்கி வைத்திருக்கிறார்? எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது? போன மாதத்தைவிட இந்த மாதம் எப்படி?

எழுதி வைத்துவிட்டுத் திருப்பிப் பார்க்காத வியாபாரியின் கடை எத்தனை நாள் ஓடும்?

ஆஸ்பத்திரி நோட்டும் ஒரு பேரேடுதான். கடைப் பேரேட்டில் தப்பு நடந்தால் பணம் போகும். ஆஸ்பத்திரிப் பேரேட்டில் தப்பு நடந்தால் உயிர் போகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சிவகாசி ஊர்தான் நாட்டின் பல பாகங்களுக்கும் காலண்டரும், டைரியும், நோட்டுப் புத்தகமும் அச்சடித்து அனுப்புகிறது. கணக்கு எழுதும் நோட்டுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். அந்த ஊரில்தான் 2018-ம் ஆண்டு, எழுதிய ஒரு வரி உரிய இடத்துக்குப் போய்ச் சேராததால் பெரிய துயரம் நடந்தது.

2018 டிசம்பரில் நடந்தது

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கர்ப்பிணித் தாய் வந்தார். அவருக்கு ரத்த சோகை. ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் ஏற்றப்பட்டது.

அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக அவர் உடற்பரிசோதனை செய்து கொண்டபோது, தம் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை அறிந்தார். அவர் பதறிப் போனார். மறைக்கவில்லை. "நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம்" என்று சொல்ல ஆஸ்பத்திரிக்குத் தாமே தகவல் கொடுத்தார்.

ஆனால், அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்தத் தாய்க்குக் கிருமி தொற்றிவிட்டது.

விசாரணை நடந்தது. அப்போதுதான் நெஞ்சைப் பதற வைக்கும் செய்தி வெளிவந்தது. அந்த இளைஞர் 2016-ம் ஆண்டிலும் ரத்த தானம் செய்திருக்கிறார். அப்போதே சோதனையில் கிருமி இருப்பது தெரிந்திருக்கிறது. ஆனால், அந்தச் செய்தி அவர் காதுக்குப் போகவில்லை. அடுத்த தடவை அவர் ரத்தம் கொடுக்க வந்தபோது, பழைய பதிவை எடுத்துப் பார்த்து "நில்லுங்கள், தம்பி" என்று சொல்வாரும் இல்லை. இரண்டாவது தடவை செய்யவேண்டிய சோதனையிலும் கோட்டை விட்டுவிட்டார்கள்.

ரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தாய்க்கு இழப்பீடு வழங்க மதுரை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. உண்மையைத் தாமே வந்து சொன்ன அந்த இளைஞரோ, அந்த டிசம்பர் மாதம் முடியுமுன்பே இறந்து போனார்.

2016-ல் சோதனை முடிவு தெரிந்திருந்தது. அதற்குரிய ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தால், இரண்டு குடும்பங்களின் கண்ணீர் தடுக்கப்பட்டிருக்கும்!

இதில் இன்னொரு பாடமும் உண்டு. கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவது ஒரே நாளில் நடப்பதில்லை. மூன்றாம் மாதத்திலிருந்தே ஒவ்வொரு தடவையும் ரத்த அளவைப் பார்த்து எழுதி வந்தால், இறங்குவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அளவு 11-க்குக் கீழே போனால் ரத்த சோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலோருக்கு ரத்தம் ஏற்றும் நிலையே வராது.

அதனால்தான் கிராமத்து நர்சு ஒவ்வொரு தடவையும் விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறார். "போன மாசம்தானே குத்தினீர்கள்?" என்று முகம் சுளிக்கிறோம். போன மாதத்து எண்ணும் இந்த மாதத்து எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஏற்றமா இறக்கமா என்று தெரியும்.

ஒரு கிராமத்து டாக்டர்

ஒருவரைப் பற்றிய குறிப்பு அந்த ஒருவரைக் காப்பாற்றும். ஓர் ஊரே சேர்ந்த குறிப்பு என்ன செய்யும்?

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் எய்ஸ்கார்த் என்று ஒரு கிராமம். அங்கே வில் பிக்கிள்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அல்ல. மலைச் சரிவில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு வைத்தியம் பார்த்தவர்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்கு என்ன நோய், எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கிராமம், அதற்கு முன் யாரோடு பழகினார் என்று கேட்டு எழுதி வைத்துவிடுவார். அவருடைய மனைவியும் கூட இருந்து உதவினார்.

1929-ல் அந்தப் பக்கம் மஞ்சள் காமாலை பரவியது. டாக்டர் நோட்டைப் புரட்டினார். காமாலை கண்ட ஒரு பெண், படுக்கையை விட்டு எழுந்து கிராமத்துத் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள். ஏறக்குறைய நாலு வாரம் கழித்து, அவளோடு பழகியவர்கள் படுத்திருக்கிறார்கள்! காமாலைக் கிருமி உடம்புக்குள் புகுந்து எத்தனை நாளில் வெளியே தெரியும் என்பதைத் தம் நோட்டிலிருந்தே அவர் சொல்லிவிட்டார்.

பிக்கிள்ஸ் 1939-ல் அந்தக் குறிப்புகளை வைத்துப் புத்தகம் எழுதினார். பட்டணத்து மேதைகள் வியந்தார்கள். இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்கள் சேர்ந்து ஒரு கல்லூரி அமைத்தபோது, 1953-ல் அதன் முதல் தலைவராக அவரையே உட்கார வைத்தார்கள்.

அவரிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இருந்ததா? இல்லை. நோட்டும் பேனாவும் விடாமுயற்சியும் இருந்தன. "வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா?" என்று நம் ஊர் நர்சு கேட்கிறாரே, அது பிக்கிள்ஸ் கேட்ட அதே கேள்விதான்!

உலகத்துக்குச் சென்னை சொன்ன பாடம்

வெள்ளைக்காரர் கதை எதற்கு? நம் ஊரிலேயே உலகம் வியந்த கதை உண்டு.

அந்தக் காலத்தில் காச நோய் என்றால் குலை நடுங்கும். நோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து, சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வைப்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இருந்தால்தான் பிழைப்பார் என்று நம்பினார்கள். ஆனால், நோயாளிகளோ லட்சக் கணக்கில்! சானடோரியக் கட்டில்களோ கொஞ்சம். கட்டில் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

1956-ல் சென்னையில் காச நோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. வாலஸ் பாக்ஸ் என்ற டாக்டர் முன்னின்று வேலையைத் தொடங்கினார். சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சேர்த்துக் கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அவர்களை இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பகுதியினர் குடிசையிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். இருவருக்கும் அதே மருந்துதான்.

அதற்கப்புறம் எழுத்து வேலை! எடை எவ்வளவு? சளியில் கிருமி இருக்கிறதா? மருந்தைத் தவறாமல் சாப்பிட்டாரா? ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். நோயாளியின் வீட்டாருக்கு நோய் தொற்றுகிறதா என்றும் வருடக் கணக்கில் கவனித்து எழுதினார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. குடிசையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர்! பெரிய வித்தியாசம் இல்லை. குடிசையில் இருந்த நோயாளிகளின் வீட்டாருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை.

உலகம் விழித்துப் பார்த்தது. "வீட்டில் இருந்தே காச நோயைக் குணப்படுத்தலாம்" என்ற உண்மை நாடு நாடாகப் பரவியது. அந்த 193 ஏழைகளைப் பற்றி எழுதிய குறிப்பு, உலகத்தில் கோடிக் கணக்கான ஏழைகளுக்கு வழி திறந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. வீட்டில் இருந்தே பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆனால், சிலர் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே இறந்து போகிறார்கள். அவர்கள் யார்? முன்கூட்டியே அடையாளம் காண முடியாதா?

அதற்காக, 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டில் "காசநோய் இறப்பில்லா திட்டம்" தொடங்கப்பட்டது. நோய் என்று தெரிந்ததும் சில எளிய விஷயங்களைப் பார்த்து எழுதுகிறார்கள். எடை, உயரம் எவ்வளவு? காலில் வீக்கம் உண்டா? ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார்? ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு? பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா?

இதற்குப் பெரிய டாக்டர் வேண்டியதில்லை. சுகாதார நிலைய ஊழியரே பார்த்து எழுதலாம். எலும்பும் தோலுமாக, மூச்சு வாங்கி, நிற்க முடியாமல் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடலாம்.

அன்று எழுதிய நோட்டு "வீடே போதும்" என்றது. இன்று எழுதும் நோட்டு "யாருக்கு வீடு போதாது" என்று சொல்கிறது.

அம்மா ஏன் இறந்தாள்?

காச நோயைப் போலவே தாய்மார்களின் பிரசவ மரணமும் நோட்டு எழுதியதால் குறைந்த ஒன்று.

பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால், "விதி" என்று அழுது ஓய்ந்துவிடுவது முன்பு வழக்கம். 1994-ம் ஆண்டு முதல் தமிழ்நாடு வேறு வழியில் இறங்கியது. பிரசவ காலத்தில் எந்தத் தாய் இறந்தாலும் தகவல் வரவேண்டும். வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

விசாரணையில் மூன்று தாமதங்கள் பார்க்கப்படுகின்றன. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று வீட்டில் முடிவு செய்யத் தாமதமா? வண்டி கிடைத்துப் போய்ச் சேரத் தாமதமா? போன பிறகு சிகிச்சை தொடங்கத் தாமதமா?

யாரையோ தூக்கில் போடுவதற்காக இந்த விசாரணை அல்ல. அடுத்த தாயைக் காப்பாற்றத்தான். தண்டனை வரும் என்று பயந்தால் யார் உண்மையை எழுதுவார்?

இப்படி எழுதிச் சேர்த்ததிலிருந்து ஓட்டைகள் தெரிந்தன. இரவில் பிரசவம் பார்க்க ஆள் இல்லையா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை மாற்றி மாற்றி வேலை பார்க்க வைத்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ரத்தப் போக்கு, சிக்கலான பிரசவம் இவற்றுக்கென்று பெரிய ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவுகள் வந்தன. 2008-ல் 108 ஆம்புலன்சு ஓடத் தொடங்கியது.

பலன்? 2001-2003 ஆண்டுகளில், தமிழ்நாட்டில் 1 லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-2020 ஆண்டுகளில் அது 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் கணக்கு 97.

நோட்டு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. டாக்டர்களும், நர்சுகளும், பணமும், படிப்பும் சேர்ந்து செய்தவை. ஆனால், எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டியது நோட்டுதான்.

இன்று கர்ப்பிணிகளுக்குப் பதிவு செய்து 12 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை வாங்கவும் இந்தப் பதிவு வேண்டும். "பணத்துக்கான நம்பர்" என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருக்கான நம்பர்! தாய் வீட்டுக்குப் போனாலும், வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அந்த எண்ணைச் சொன்னால் பழைய விவரம் கிடைக்கும்.

மாத்திரை கொடுத்தால் போதுமா?

இப்போது ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் வருவோம்.

2020-ல் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. கொதிப்பு உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருந்தது? நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான்!

மருந்து இல்லையா? இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லையா? இருக்கிறது. பின் ஏன்? பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியவர் யார் என்று தேடிப் போக ஆள் இல்லை.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, பதிவு செய்கிறார்கள்.

இப்படி வைத்துக் கொள்ளுங்கள். சிவகாசி பக்கத்தில் ஒரு கிராமம். தன்னார்வலப் பெண் வருகிறார்.

"பெரியம்மா, போன தடவை கொதிப்பு 140 இருந்துச்சு. இப்போ 170 காட்டுதே! மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தாயீ."

"அட்டையிலே பாதி அப்படியே இருக்கே, பெரியம்மா!"

"வேலைக்குப் போற இடத்துலே தலை சுத்துச்சு. அதான் விட்டுட்டேன்."

பார்த்தீர்களா? போன தடவை எண் நோட்டில் இருந்ததால் கேள்வி பிறந்தது. கேள்வி பிறந்ததால் காரணம் தெரிந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுக்கலாம். நோட்டு இல்லாவிட்டால், "மாத்திரை கொடுத்தாயிற்று" என்று கணக்கு முடிந்திருக்கும். பெரியம்மா ஒரு நாள் பக்கவாதத்தில் விழுந்திருப்பார்.

எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது பாதிக் கணக்கு. எத்தனை பேருக்குக் கொதிப்பு இறங்கியது என்பதுதான் முழுக் கணக்கு.

"என்ன வேலை?" என்ற கேள்வி

சிவகாசி வட்டாரத்தில் ஒரு கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதுதான் அது.

"கூலி வேலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது போதாது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறீர்களா? மருந்து செலுத்துகிறீர்களா? திரி வேலையா? தீப்பெட்டி ஆபீசா? அச்சாபீசா? கந்தகமும், வெடியுப்பும், அலுமினியப் பொடியும் புழங்கும் இடத்தில் வேலை செய்கிறவருக்கு வரும் இருமலும், கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் இருமலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒருவர் இருமினால் அது ஒரு நோயாளியின் கதை. ஒரே வேலை செய்யும் இருபது பேர் இருமினால், அந்த வேலை இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். வேலையை எழுதாவிட்டால், இருபது பேரும் இருபது தனித் தனி இருமலாகவே நோட்டில் கிடப்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தீக்காயமும் அப்படியே. பெரிய வெடி விபத்து நடந்தால் பத்திரிகையில் வரும். கையில் சிறு தீக்காயம் பட்டால்? மருந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த வேலை செய்யும்போது, எந்த நேரத்தில், எப்படிப் பட்டது என்று எழுதி வைத்தால், சிறு காயமே பெரிய விபத்துக்கு முன்னறிவிப்புச் சொல்லும்.

இன்னொரு சங்கடம். வீடு தேடி ஊழியர் வரும்போது வீட்டுக்காரர்கள் ஆலையில் இருப்பார்கள். கூலியை விட்டுவிட்டு வீட்டில் காத்திருக்க முடியுமா? இப்படிப்பட்டவர்கள் பெயர் நோட்டில் ஏறாமலே போய்விடும். அதனால்தான் 2024-ல் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நோட்டில் யார் இல்லை என்று பார்ப்பதும் நோட்டைப் படிப்பதில் சேர்ந்ததுதான்.

பொய்க் கணக்கு வேண்டாம்

2018-ல் மத்திய அரசு, முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் இரண்டு. ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர். சுகாதாரம், படிப்பு, விவசாயம் என்று பல துறைகளில் எண்களைப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். 2018 ஜூன் முதல் அக்டோபர் வரை நடந்த முன்னேற்றத்தில் விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. பெருமைப்பட வேண்டிய விஷயம்.

அதே ஆண்டு டிசம்பரில்தான் ரத்த வங்கித் துயரமும் வந்தது. எண்கள் மாவட்டம் முழுவதையும் காட்டும். ஒரு புட்டியில் ஒட்டிய தப்பான சீட்டைக் காட்டாது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

எங்கேயும், எண்ணுக்குப் பரிசு என்றால் எண்ணைக் கூட்டி எழுதும் ஆசையும் வரும். கொதிப்பு பார்க்காமலே "120-80" என்று எழுதினால், நோட்டு அழகாக இருக்கும். நோயாளி அழகாக இருக்க மாட்டார்! எழுதாத இடம் "தெரியாது" என்றாவது சொல்லும். பொய் எழுதிய இடம் "எல்லாம் நலம்" என்று ஏமாற்றும்.

நர்சுகளையும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒரே விவரத்தைப் பல நோட்டில் எழுதி, மறுபடி கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும் என்றால், நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் ஏது? கேட்பவற்றைக் குறைத்து, கேட்டதை ஒழுங்காகப் பயன்படுத்துவதே நல்லது.

என் ரகசியம் வெளியே போகாதா?

இந்தப் பயம் நியாயமானது. சிறிய ஊர். எதிர் வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா என்று தாய் பயப்படுகிறாள். வேலை போய்விடுமோ என்று தொழிலாளி பயப்படுகிறார்.

நோட்டு ஊருக்குப் பொது அல்ல. சிகிச்சை செய்கிறவர்களுக்கு மட்டும் உரியது. எச்.ஐ.வி. பற்றி 2017-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் சொல்லும் சில சந்தர்ப்பங்கள் தவிர, ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது. சொந்த விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள்.

ஆராய்ச்சிக்கு உங்களைச் சேர்த்துக் கொள்வதானால், எதற்காக என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். "இஷ்டம் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். அதற்காகச் சிகிச்சையை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டியது உங்கள் பெயர் அல்ல. வயது, வேலை, நோய், மருந்து, பலன் இவைதான். பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டுக் கொள்ள வேண்டும்.

நோட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவதும், வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி "உனக்கு என்ன வியாதி?" என்று உரக்கக் கேட்பதும் தப்பு. ரகசியம் காக்காத இடத்தில் மக்கள் உண்மை சொல்ல மாட்டார்கள். உண்மை சொல்லாத இடத்தில் நோட்டு வெறும் காகிதம்.

நீங்கள் செய்ய வேண்டியது

எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே பெயர், ஒரே வயது சொல்லுங்கள். ஒரு நாள் "முத்து", ஒரு நாள் "முத்துச்சாமி" என்று சொன்னால், நோட்டில் நீங்கள் இரண்டு ஆள் ஆகிவிடுவீர்கள்!

வேலையை விளக்கமாகச் சொல்லுங்கள். செல்போன் எண் மாறினால் உடனே சொல்லுங்கள். சோதனை முடிவு உங்களைத் தேடி வர அதுதான் வழி.

சீட்டு, அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

மாத்திரையை விட்டுவிட்டால் மறைக்காதீர்கள். "சாப்பிட்டேன்" என்ற பொய், அடுத்த மாத்திரையைத் தப்பாக்கும்.

ரத்தம் கொடுத்தாலும், ரத்தம் சோதித்தாலும், முடிவு என்ன என்று கேளுங்கள். "என் கொதிப்பு எவ்வளவு? போன தடவை எவ்வளவு?" என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் கேட்டால், எழுதினவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

எழுதுவது பாதி வேலை. திருப்பிப் படிப்பது மறு பாதி. முதல் பாதியை நர்சம்மா செய்கிறார். மறு பாதியை அவரும், டாக்டரும், அதிகாரிகளும், நாமும் சேர்ந்து செய்ய வேண்டும்.